கயாக்ல போகும்போது வானிலை மாறுறத முன்கூட்டியே கவனிக்கிறது எப்படி: முழுமையான வழிகாட்டி

கயாக்ல (துடுப்பு போட்டு ஓட்டுற சின்ன ஒடுக்கமான படகு) உக்காந்துட்டா நம்ம கண்ணு தண்ணிக்கு மேல ஒரு மீட்டர் உயரத்துக்குள்ளதான் இருக்கும். அந்த உயரத்துல இருந்து பாத்தா அடிவானம் மூணு, மூணரை கிலோமீட்டர்லயே முடிஞ்சிடும், அதுக்கு அப்பால தண்ணி எப்படி இருக்குன்னு தெரியவே தெரியாது. போதாக்குறைக்கு முகம் எப்பவும் போற பக்கமே இருக்கும், பின்னாடி மேகம் திரண்டா கவனிக்க ஆள் கிடையாது. மூணாவதா ஒண்ணு இருக்கு, நெறைய பேர் மாட்டிக்கிறது இதுலதான்: பின்காத்துல போகும்போது காத்தே இல்லாத மாதிரி இருக்கும். 10 நாட் (1 நாட்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர்) காத்து முதுகுல அடிக்குது, நீங்களும் அதே திசையில 4 நாட் வேகத்துல போறீங்கன்னா உடம்புல படுறது வெறும் 6 நாட். திரும்பி அதே வேகத்துல வரப் பாத்தா 14 நாட்டா மூஞ்சியில அடிக்கும். காத்தோட தள்ளுவிசை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடுறதால 6க்கும் 14க்கும் நடுவுல அஞ்சு மடங்குக்கு மேல வித்தியாசம் வரும். போகும்போது ஜாலியா போனவங்க திரும்பும்போது திணறுறது இதனாலதான், காத்தோட வேகம் கொஞ்சமும் அதிகமாகலனாலும் இது நடக்கும்.

அதனால தண்ணியில இருக்கும்போது "நல்லாத்தானே இருக்கு"ன்னு தோணுறத நம்பி முடிவு எடுக்கக் கூடாது. கவனிக்கிறதுக்குன்னு ஒரு முறை வேணும், அது கரையிலயே ஆரம்பிக்கணும். கடல், ஏரி, ஆறு எல்லாத்துக்கும் பெரும்பாலும் இது பொருந்தும், எங்க வேறுபடுதோ அங்க சொல்றேன். இங்க காத்து வேகம் எல்லாம் நாட்லதான் சொல்லியிருக்கேன்.

படி 1: முந்தின நாளே வானிலை அறிக்கைய ஒழுங்கா படிங்க

ஆப்ப தொறந்து சூரியன் படம் இருக்கா மழை படம் இருக்கான்னு மட்டும் பாத்துட்டு மூடிடுறது கயாக்குக்கு ஒத்து வராது, நமக்கு மழைய விட காத்துதான் முக்கியம். மழையில நனைஞ்சிட்டு ஆராமா துடுப்பு போடலாம், நல்ல வெயில்ல அடிக்கிற 20 நாட் காத்துல முடியாது.

பாக்க வேண்டியது நாலு. சராசரி காத்து வேகம், திடீர்னு வீசுற கஸ்ட்டோட வேகம், திசை, இது மூணும் எத்தன மணிக்கு எப்படி மாறுது. சராசரி 10னு போட்டிருந்தா கஸ்ட் 14 வரைக்கும் போறது சர்வசாதாரணம், கயாக்க கவுக்குறது சராசரி காத்து இல்ல, அந்த கஸ்ட்தான், அதனால கஸ்ட் நம்பர வச்சே முடிவு பண்ணுங்க. திசைன்னு சொல்றது காத்து எங்கிருந்து வருதுங்கிறத, வடக்கு காத்துன்னா வடக்குல இருந்து வருது.

அப்புறம் யூனிட்ட கண்டிப்பா பாருங்க. சில ஆப் நாட்ல காட்டும், சிலது கிலோமீட்டர்ல, சிலது விநாடிக்கு இத்தன மீட்டர்னு. விநாடிக்கு 10 மீட்டர்ங்கிறத சும்மா 10னு படிச்சிட்டு கிளம்புனீங்கன்னா அது உண்மையில 19 நாட்டுக்கும் மேல.

வானிலைய கணிக்கிற கம்ப்யூட்டர் மாடல்ல ஒரே ஒண்ண மட்டும் பாக்காதீங்க. விண்டி மாதிரி ஆப்ல அமெரிக்க மாடலான ஜிஎஃப்எஸ், ஐரோப்பிய மாடலான ஈசிஎம்டபிள்யூஎஃப் ரெண்டையும் மாத்தி மாத்தி பாக்கலாம். ரெண்டும் ஒரே மாதிரி சொன்னா ஓரளவு நம்பலாம், ஒண்ணு 8ங்குது இன்னொண்ணு 16ங்குதுன்னா நிலைமை இன்னும் தெளிவாகலன்னு அர்த்தம், பெரிய நம்பரையே எடுத்துக்கோங்க. இன்னொண்ணும் ஞாபகம் வச்சுக்கணும், இந்த மாடல்கள் உலகத்த பத்து கிலோமீட்டர் அளவு கட்டம் கட்டமா பிரிச்சுதான் கணக்கு போடுது, அதுக்குள்ள இருக்குற சின்ன மலை இடுக்கு, ரெண்டு தீவுக்கு நடுவுல இருக்குற சந்து, கரையோரப் பாறை முனை இதெல்லாம் அதுக்கு சரியா தெரியாது. அந்த மாதிரி இடத்துல காத்து நெருக்கிப் பிடிச்ச மாதிரி வேகமெடுக்கும். கடல்னா ஆப்போட நிக்காம அந்த நாட்டோட வானிலை துறை போடுற கடலோர எச்சரிக்கையையும் படிச்சிடுங்க, அது மனுஷங்க பாத்து எழுதுறது.

படி 2: உங்க எல்லைய எழுதி வைங்க

கரையில இருக்கும்போதே, எந்த அளவு வந்தா திரும்பணும்னு முடிவு பண்ணிடணும். தண்ணியில இறங்குன அப்புறம் மனசு பேரம் பேசும், இன்னும் கொஞ்ச தூரம்தானே, அந்த முனை வரைக்கும் போய் பாத்துட்டு வந்துடலாமேன்னு. எழுதி வச்ச நம்பர் கிட்ட அந்தப் பேரம் எடுபடாது.

ஒரு அளவுகோல் வேணும்னா பியூஃபோர்ட் ஸ்கேல் போதும். பிரான்சிஸ் பியூஃபோர்ட்ங்கிற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1805ல உருவாக்குனது, கருவி இல்லாம தண்ணியப் பாத்தே காத்த மதிப்பிடுறதுக்கு இன்னிக்கும் இத விட எளிமையா ஒண்ணும் இல்ல. 3ஆம் எண், 7ல இருந்து 10 நாட், அலை உச்சி அங்கங்க உடைஞ்சு ஒண்ணு ரெண்டு வெள்ளை நுரை தெரியும். 4ஆம் எண், 11ல இருந்து 16 நாட், நுரை அடிக்கடி தெரியும். 5ஆம் எண், 17ல இருந்து 21 நாட், எங்க பாத்தாலும் வெள்ளை, லேசா சாரலும் அடிக்கும்.

புதுசா ஆரம்பிச்சவங்களுக்கு என் கருத்து, 3ஓட நிறுத்திக்கோங்க. அங்கங்க வெள்ளை நுரை தெரிய ஆரம்பிச்சதுமே திரும்புங்க, அது அடிக்கடி தெரியுற வரைக்கும் காத்திருக்காதீங்க. கவுந்தா தனியா ஏறத் தெரிஞ்சவங்க, அதையும் குளத்துல இல்லாம அலையிலயே பழகுனவங்க, 4 வரைக்கும் யோசிக்கலாம். குரூப்பா போறீங்கன்னா அனுபவசாலியோட எல்லை கணக்குல வராது, குரூப்லயே புதுசா இருக்குறவரோட எல்லைதான் எல்லாருக்கும் எல்லை.

படி 3: ரூட்ட காத்துக்கு ஏத்த மாதிரி போடுங்க

முதல் பாதி எதிர்காத்துல, திரும்புறது பின்காத்துல. தெம்பு இருக்கும்போதே கஷ்டமான பாதிய முடிச்சிடலாம், காத்து கூடுனாலும் அது நம்மள கிளம்புன இடத்துக்கே தள்ளிட்டு வரும். ஆனா ஏரியில மதியம் காத்து திசை மாறுற இடமா இருந்தா ரெண்டு பாதியுமே எதிர்காத்தா ஆயிடலாம், நேரத்தையும் சேத்துப் பாருங்க.

கரையில இருந்து தண்ணிய நோக்கி அடிக்கிற காத்துதான் இருக்குறதுலயே மோசம். கரையோரம் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், ஏன்னா மரமும் மேடும் காத்த மறைச்சிடுது, அலை எழும்பவும் அங்க தூரம் பத்தாது. அந்த அமைதியப் பாத்துட்டு இறங்கி 300 மீட்டர் போனதும் காத்து மறைவு முடிஞ்சு முழுசா பிடிச்சுத் தள்ள ஆரம்பிக்கும், எங்கயோ வெளிய. இந்தத் திசையில காத்து இருக்குற அன்னிக்கு கரைய ஒட்டியே போங்க, இல்லனா வேற நாள் பாருங்க.

வழியில எங்கெல்லாம் கரை ஏறலாம்னு முன்னாடியே மேப்ல குறிச்சு வைங்க. செங்குத்துப் பாறையா நாலு கிலோமீட்டர் நீளுற கரை, கரைங்கிற கணக்குலயே வராது.

படி 4: இறங்குறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் சும்மா நின்னு பாருங்க

கயாக்க இறக்கி வச்சிட்டு, ஒரு 15 நிமிஷம் வேற எதுவும் செய்யாம தண்ணியையும் வானத்தையும் பாருங்க. அறிக்கையில இந்த நேரத்துக்கு 6 நாட்னு இருந்துச்சு, ஆனா இப்பவே வெள்ளை நுரை தெரியுதுன்னா, அறிக்கை தப்பாவோ ரெண்டு மூணு மணி நேரம் பின்தங்கியோ இருக்கு. மதியத்துக்கு சொன்ன காத்து இப்பவே வந்துடுச்சுன்னா மதியம் என்ன வரும்னு யாருக்கும் தெரியாது, அன்னிக்கு இறங்காதீங்க. அங்க தினமும் படகு ஓட்டுறவங்க யாராவது இருந்தா ஒரு வார்த்தை கேளுங்க, அந்த இடத்துக் காத்தோட குணம் எந்த ஆப்லயும் இருக்காது.

காத்தழுத்தத்தையும் குறிச்சுக்கோங்க, நெறைய போன்லயும் வாட்ச்லயும் பாரோமீட்டர் இருக்கு. கடல் மட்டத்துல சராசரி 1013 ஹெக்டோபாஸ்கல். அந்த எண் எவ்வளவுங்கிறது பெருசில்ல, எவ்வளவு வேகமா இறங்குதுங்கிறதுதான் விஷயம். மூணு மணி நேரத்துல 3, 4 இறங்குனா வேகமா ஏதோ நெருங்குது, 6க்கு மேல இறங்குனா கரையிலயே இருங்க. இதுல கயாக்காரங்களுக்கு ஒரு வசதி இருக்கு, மலை ஏறுறவங்களுக்கு உயரம் மாறுறதாலயே அழுத்தம் மாறும், எட்டு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு ஹெக்டோபாஸ்கல், நமக்கு தண்ணி மட்டம் அதேதான்ங்கிறதால கருவி காட்டுற மாற்றம் வானிலையோட மாற்றமேதான்.

கரையில ஒருத்தர்கிட்ட எங்க போறோம், எத்தன மணிக்குள்ள திரும்புவோம்னு சொல்லிட்டுத்தான் இறங்கணும்.

படி 5: தண்ணியில கால் மணிக்கு ஒரு தடவ நிறுத்திப் பாருங்க

வாட்ச்ல 15 நிமிஷத்துக்கு ஒரு அலாரம் வச்சிடுங்க. அலாரம் அடிச்சதும் துடுப்ப நிறுத்திட்டு கயாக்க முழுசா காத்து வர்ற பக்கம் திருப்புங்க, தலைய மட்டும் திருப்புனா பத்தாது. வானிலை பெரும்பாலும் அந்தப் பக்கத்துல இருந்துதான் வரும், ஆனா இடிமேகம் எந்தப் பக்கமும் கிளம்பும்ங்கிறதால ஒரு சுத்து சுத்திப் பாத்துடுங்க. அதோட பின்காத்துல போகும்போது நாம பாக்குறது அலையோட முதுக, அது வழவழன்னு இருக்கும், நுரை தெரியாது. எதிர திரும்பினாத்தான் அலையோட முகம் தெரியும், அப்பதான் கடல் உண்மையில எப்படி இருக்குன்னு புரியும்.

அப்படியே ஒரு நிமிஷம் மிதந்துக்கிட்டே கரையில ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ரெண்டு பொருளப் பிடிங்க. முன்னாடி ஒரு பாறை, அதுக்கு நேர் பின்னாடி தூரத்துல ஒரு கோபுரமோ ஒத்த மரமோ. ரெண்டும் ஒரே கோட்டுல இருக்கும்போது பாக்க ஆரம்பிங்க. ஒரு நிமிஷத்துல மரம் பாறைக்கு வலது பக்கமா நகந்தா நீங்க வலது பக்கமா அடிச்சுட்டுப் போறீங்க, இடது பக்கமா நகந்தா இடது பக்கம். போன தடவ கொஞ்சம்தான் நகந்துச்சு, இப்ப அதே ஒரு நிமிஷத்துல ரெண்டு மடங்கு நகருதுன்னா காத்தோ நீரோட்டமோ கூடிடுச்சு, உடம்புக்குத் தெரியலனாலும் இது பொய் சொல்லாது.

ஒவ்வொரு தடவையும் கேட்டுக்க வேண்டிய கேள்வி, போன தடவைக்கும் இப்பவுக்கும் என்ன மாறியிருக்கு. ஒரு மாற்றம் தெரிஞ்சா அடுத்த அலாரத்த அஞ்சு நிமிஷத்துக்கு வைங்க. ரெண்டு மாற்றம் சேந்து தெரிஞ்சா, உதாரணமா மேகமும் வளந்திருக்கு காத்தும் திசை மாறியிருக்குன்னா, திரும்பிடுங்க, மூணாவதுக்கு காத்திருக்காதீங்க.

படி 6: மேகத்துல எதப் பாக்கணும்

பஞ்சுப் பொதி மாதிரி தனித்தனியா, உயரத்த விட அகலமா இருக்குற மேகம் பிரச்சினை இல்ல. அதே மேகம் அகலத்த விட உயரமா வளர ஆரம்பிச்சா கண்ண எடுக்காதீங்க. உச்சி பூக்கோசு மாதிரி தெளிவான விளிம்போட கொதிச்சு எழும்பிட்டே இருந்தா இன்னும் வளந்துக்கிட்டு இருக்கு. அந்த விளிம்பு மங்கி, நார் நாரா ஆகி, உச்சி தட்டையா ஒரு பக்கமா விரிய ஆரம்பிச்சிட்டா அது முழு இடிமேகம். இந்த வளர்ச்சிக்கு பாதி நாள் எல்லாம் தேவைப்படாது, சூடும் ஈரமும் நெறைய இருந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும், அந்த ஒரு மணி நேரத்துல நீங்க போற தூரம் அஞ்சாறு கிலோமீட்டர்தான். காலையில பத்து மணிக்கே மேகம் கோபுரமா எழும்புதுன்னா அன்னிக்கு மத்தியானத்துக்கு முன்னாடி கரை ஏறிடுறது நல்லது.

மெதுவா வர்ற மாற்றம் வேற மாதிரி. முதல்ல ரொம்ப உயரத்துல இறகு மாதிரி மேகம், அப்புறம் வானம் முழுக்க மெல்லிசா வெள்ளைத் திரை, சூரியனச் சுத்தி வட்டம், அப்புறம் திரை தடிச்சு சூரியன் மங்கலா ஒரு பொட்டா தெரியும், அதுக்கப்புறம் மழை. இது முழுசா நடக்க அரை நாள்ல இருந்து ஒரு நாள் ஆகும், ரெண்டு மூணு நாள் பயணம் போறவங்களுக்கு இது பெரிய உதவி, அடுத்த நாள் பெரிய தண்ணிய கடக்குற திட்டம் இருந்தா அப்பவே மாத்திக்கலாம். இந்த வரிசை பெரும்பாலும் மிதவெப்ப நாடுகள்ல நடக்குறது, வெப்ப நாடுகள்ல இடிமேகம்தான் முக்கியமான ஆள்.

படி 7: காத்தும் தண்ணியும் சொல்றது

மேகத்துக்கு அடுத்தபடியா சொல்ல நெறைய இருக்குறது இங்கதான்.

கஸ்ட் வர்றது கண்ணுக்குத் தெரியும். சுத்தி தண்ணி வெளிறி இருக்கும்போது தூரத்துல ஒரு திட்டு மட்டும் கருத்து, சொரசொரன்னு, நம்ம பக்கம் ஊர்ந்து வரும். அது வந்து சேர சில விநாடி அவகாசம் இருக்கு, அதுக்குள்ள துடுப்ப தாழ்வா வச்சு, இடுப்ப தளர்வா விட்டு, தயாரா இருந்தா போதும். அந்தக் கருத்த திட்டுகள் அடிக்கடி வந்தாலோ பெருசானாலோ காத்து கூடிட்டு வருது.

இடிமேகம் நெருங்கும்போது இப்படித்தான் இருக்கும். அது வரைக்கும் சீரா அடிச்ச காத்து திடீர்னு செத்துப் போகும், தண்ணி எண்ணெய் மாதிரி ஆகும், புழுக்கமா இருக்கும். நல்லவேளை காத்து நின்னுடுச்சுன்னு தோணும். அப்புறம் மேகம் இருக்குற பக்கத்துல இருந்து சில்லுன்னு ஒரு காத்து மூஞ்சியில படும், வெப்பம் குறையுறது தோலுக்கே தெரியும், தண்ணியில ஒரு கருத்த கோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீளமா நகந்து வரும், மேகத்தோட அடியில அலமாரித் தட்டு மாதிரி ஒரு விளிம்பு தொங்கும். மேகத்துக்குள்ள மழையால குளிர்ந்த காத்து கீழ கொட்டி நாலா பக்கமும் பரவுறதுதான் இது, மழை வர்றதுக்கு முன்னாடியே வந்துடும், 5 நாட்ல இருந்து 30, 40 நாட்டுக்கு ஒரே நிமிஷத்துல போகலாம். காத்து செத்ததுமே கரைக்கு விடணும், சில்லுக்காத்து பட்ட அப்புறம் கைவசம் இருக்குறது நிமிஷக் கணக்குதான்.

கடல்காத்து இன்னொரு ரகம். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, அங்க காத்து மேல எழும்பி, கடல்ல இருந்து குளிர்ந்த காத்து உள்ள வரும். பெரும்பாலும் முற்பகல்ல ஆரம்பிச்சு பிற்பகல்ல உச்சத்துக்குப் போய் சாயந்திரம் அடங்கும், 10ல இருந்து 20 நாட் வரைக்கும் வரலாம். பொதுவா காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதோட இது சேந்தா ரெண்டும் கூடும். அனுபவமுள்ள கயாக்காரங்க விடியக்காலையில கிளம்பி பதினோரு மணிக்குள்ள முடிச்சிடுறதுக்குக் காரணம் இதுதான், பெரிய ஏரிக்கும் இதே கணக்கு உண்டு.

காத்து மாறாமலே தண்ணி மாறுற ஒரு சந்தர்ப்பமும் இருக்கு. கடலேத்தம் கடலிறக்கம் இருக்குற இடத்துல, காத்தும் நீரோட்டமும் ஒரே திசையில போற வரைக்கும் அலை படுத்தே இருக்கும். ஓட்டம் திசை மாறி காத்துக்கு எதிரா ஓட ஆரம்பிச்சதும் அதே 12 நாட் காத்துல அலை குட்டையா, செங்குத்தா, நெருக்கமா எழும்பி உடையும். முகத்துவாரத்துலயும் பாறை முனையிலயும் இது இன்னும் கடுமை. ஓட்டம் எத்தன மணிக்கு திரும்புதுன்னு கையிலயே எழுதிக்கிட்டுப் போங்க.

காத்தே இல்லாத நாள்ல, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் 12 விநாடிக்கு மேல இடைவெளி விட்டு நீளமா மெதுவா அலை வருதுன்னா, அது எங்கயோ தூரத்துப் புயல்ல கிளம்பி வந்தது. நடுக்கடல்ல சும்மா ஏறி இறங்கும், தெரியவே தெரியாது, கரையில உடையும்போதுதான் அதோட பலம் தெரியும். இறங்குன இடத்துலயே கரை ஏற முடியாம போகலாம், அதனால மறைவான ஒரு வளைகுடாவ முன்னாடியே பாத்து வைங்க.

படி 8: இடி மின்னல்

இதுல பேச்சே இல்ல, இடி காதுல விழுந்தா தண்ணிய விட்டுக் கரை ஏறிடணும். இடிச்சத்தம் மூணு விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் போகும், மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 விநாடின்னா 10 கிலோமீட்டர். அது தூரம் மாதிரி தெரியும், ஆனா மழை மேகத்துல இருந்து 15 கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் இறங்கியிருக்கு, தலைக்கு மேல நீல வானமா இருக்கும்போதும். விரிஞ்ச தண்ணியில உயரமான பொருள் நீங்களும் உங்க துடுப்பும்தான். துடுப்புச் சத்தத்துலயும் காத்துலயும் தூரத்து இடி கேக்காம போயிடும், அதுக்காகவும்தான் அந்த 15 நிமிஷ நிறுத்தம்.

கரைக்கு வந்ததும் தனி மரத்தடியில ஒதுங்காதீங்க, தண்ணிய ஒட்டியும் நிக்காதீங்க, கட்டடத்துக்குள்ளயோ கூரை மூடுன காருக்குள்ளயோ போங்க. எதுவுமே இல்லனா தண்ணிய விட்டும் உயரமான பொருள விட்டும் தள்ளி தாழ்வான இடத்துல, குரூப்பா இருந்தா ஒருத்தருக்கொருத்தர் விலகி இருங்க.

படி 9: மூடுபனியும் ஆத்து வெள்ளமும்

ஆத்துலயும் ஏரியிலயும் விடியக்காலையில படியுற பனி வெயில் ஏறுனா கலைஞ்சிடும், காத்திருந்தா போதும். கடல்பனி அப்படி இல்ல, ஈரமான சூடான காத்து குளிர்ந்த தண்ணி மேல வரும்போது உருவாகும், நடு மத்தியானத்துலயும் காத்தோட நகந்து வந்து மூடும். அடிவானம் மங்கலாகுதுன்னு தெரிஞ்ச உடனே, கரை இன்னும் கண்ணுக்குத் தெரியும்போதே, காம்பஸ்ல கரையோட திசைய எடுத்துக்கோங்க. மூடுன அப்புறம் காம்பஸ மட்டும் நம்புங்க, நேரா போறோம்னு மனசு நினைக்கும்போதே கயாக் வட்டம் போடும். கப்பல் வழியில இருந்தா சீக்கிரம் ஒதுங்கிடுங்க, உங்கள யாராலயும் பாக்க முடியாது.

ஆத்துல உங்க தலைக்கு மேல மழையே வேண்டாம், மேல மலையில பெஞ்சா போதும். தெளிவா இருந்த தண்ணி கலங்குது, இலையும் குச்சியும் மிதந்து வருது, ஓரத்துல காஞ்சு இருந்த கல்லு நனையுது, இரைச்சல் கூடுதுன்னா உடனே கரை ஏறி உயரத்துக்குப் போங்க, கயாக்கையும் மேல இழுத்து வைங்க.

படி 10: மாட்டிக்கிட்டா

கிளம்புன இடத்துக்கே போகணும்னு இல்ல, கிட்ட இருக்குற பத்திரமான கரைக்குப் போங்க. எதிர்காத்துல நேரா முட்டிப் போராடுறத விட, கொஞ்சம் சாய்வா பிடிச்சு, கரையோ முனையோ காத்த மறைக்கிற இடத்துக்குள்ள நுழைஞ்சிட்டு, அந்த மறைவுலயே ஊர்ந்து வாங்க. துடுப்ப தாழ்வா பிடிங்க, உயரத் தூக்குனா காத்து பிடுங்கும். பெரும்பாலான கயாக் தானாவே காத்து வர்ற பக்கம் மூக்கத் திருப்பப் பாக்கும், ஸ்கெக் (கயாக்கோட பின்பக்க அடியில இறக்கி ஏத்துற சின்னத் தகடு) இருந்தா கொஞ்சம் கொஞ்சமா இறக்கிச் சரி பண்ணுங்க.

குரூப் சிதறாம குரல் கேக்குற தூரத்துக்குள்ள இருங்க. யாராவது சோர்ந்துட்டா உதவிய சீக்கிரமே கூப்பிடுங்க, கடல்ல விஎச்எஃப் ரேடியோ (படகுகள்ல பேசப் பயன்படுறது) இருந்தா அவசர அழைப்புக்கான சேனல் 16, போன் நீர்புகா பைக்குள்ள உடம்போட இருக்கணும், கயாக்கோட இருந்தா கயாக் போனா போனும் போயிடும். கவுந்துட்டா கயாக்க விடாதீங்க, தலைய விட அது தூரத்துல இருந்தே தெரியும்.

லைஃப் ஜாக்கெட் கழட்டுற பேச்சே கிடையாது. டிரெஸ்ஸ வெயிலுக்கு ஏத்த மாதிரி போடாம தண்ணியோட குளிருக்கு ஏத்த மாதிரி போடுங்க. 15 டிகிரிக்குக் கீழ இருக்குற தண்ணியில விழுந்தா முதல் நிமிஷம் மூச்சே கட்டுப்பாட்டுல இருக்காது, அந்தத் தண்ணி ரொம்பக் குளிர்ந்திருந்தா கை விரல் உருப்படியா வேலை செய்யறது பத்து நிமிஷம்தான், திரும்ப ஏறுறதுனா அதுக்குள்ள ஏறிடணும்.

கரை ஏறுன அப்புறம்

யார்கிட்ட சொல்லிட்டு இறங்குனீங்களோ அவங்களுக்கு முதல்ல தகவல் குடுங்க, இல்லனா அவங்க தேட ஆள் அனுப்பிடுவாங்க. இடியால ஏறியிருந்தா கடைசி இடிச்சத்தத்துல இருந்து 30 நிமிஷம் எண்ணுங்க, நடுவுல ஒண்ணு கேட்டா திரும்ப முதல்ல இருந்து. இடிமேகம் ஒண்ணு தாண்டிப் போனதும் பின்னாடியே இன்னொண்ணு வர்றது சகஜம், வெளிச்சம் வந்துடுச்சுன்னு உடனே இறங்காதீங்க, காத்து வர்ற பக்கம் அடிவானம் வரைக்கும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. காத்திருக்குற நேரத்துல அறிக்கை என்ன சொல்லுச்சு, உண்மையில எத்தன மணிக்கு எந்தப் பக்கத்துல இருந்து எவ்வளவு அடிச்சுதுன்னு ரெண்டு வரி குறிச்சு வைங்க. ஒரே இடத்துல சில மாசம் இப்படி எழுதிட்டு வந்தீங்கன்னா, அந்தத் தண்ணியில எந்த ஆப் எத்தன நாட் குறைச்சு சொல்லுதுங்கிறது உங்க நோட்டுலயே வந்துடும், அடுத்த தடவ படி 2ல எழுதுற நம்பர அத வச்சே போடலாம்.